மறு: ‘உலகளாவிய வடிவமைப்பு’ வேண்டாமே

அண்ணாச்சி,

வீட்டுக் கட்டட விதிகள் பற்றிய மனுவில் ‘யுனிவர்சல் டிசைன்’ என்பதற்கு, அதாவது மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லாரும் பயன்படுத்தும்படி கட்டுவதற்கு, ‘உலகளாவிய வடிவமைப்பு’ என்றே போட்டுவிடலாம் என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேலை நடந்தபோது கொத்தனாரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “பாரின் மாடலா சார்?” என்றார். அவர் மேல் பிழையில்லை. உலகளாவியது என்றால் உலகம் முழுக்கப் பரந்தது. இங்கே பேச்சு ஆட்களைப் பற்றி அல்லவா?

இந்தக் கருத்தை 1980களில் பரப்பிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், சிறுவயதில் போலியோ கண்டு சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தனி வழி வேண்டாம், எல்லாரும் ஒரே வழியில் போகட்டும் என்றார். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விளக்கமும் அதுதான்: தனியாக ஒன்று செய்யத் தேவையின்றி, கூடுமானவரை எல்லாரும் பயன்படுத்தும்படி அமைப்பது.

‘அணுகல்’ (ஆக்சசிபிலிட்டி) என்ற சொல்லே போதும் என்பவர்களுக்கு ஒன்று. எங்கள் ஆச்சியின் சக்கர நாற்காலி பட்டாசல் (கூடம்) வரை வரும். குளியலறைக் கதவோ இரண்டடி, நுழையாது. கடைசி இரண்டு வருடமும் ஆச்சி தன் வீட்டை அணுகினாள், புழங்கவில்லை. ‘வீடு புழங்கத் தோதா இருக்கா?’ என்று நம்மூரில் கேட்போமே, அந்தப் புழங்கு. ஆகவே என் பரிந்துரை ‘அனைவர் புழங்கமைப்பு’. முதலில் ‘பொதுப்புழக்க அமைப்பு’ என்று யோசித்தேன். தெருக்குழாய் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

அப்புறம் நுழைவு. ‘படியில்லா வாசல்’ என்கிறேன். நமக்கு வாசலும் படியும் ஒட்டிப் பிறந்தவை, வாசப்படி என்றேதான் வாயில் வரும். போதாததற்கு 2023 டிசம்பர் வெள்ளம். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் புதுவீடுகளின் பேஸ்மட்டம் மூன்றடிக்குக் குறைவதில்லை. ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 36 அடிச் சாய்தளம் வேண்டும், இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் வேறு. இரண்டு சென்ட் மனையில் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு இதை எங்கே போட? தெருவில்தான். வாசலைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரோரமாக ஏறும்படி வரைபடத்திலேயே யோசித்தால் வழி பிறக்கும். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன். அந்த 2016 சட்டத்தின் 44ஆம் பிரிவு நிறுவனங்களின் கட்டட அனுமதியைத்தான் பேசுகிறது, நாம் குடியிருக்கக் கட்டும் வீட்டை அல்ல. இங்கிலாந்தில் 1999 முதல் புதுவீடுகளுக்கும் விதி உண்டு.

இன்னொரு சொல் பாக்கி. சக்கர நாற்காலியில் வரும் விருந்தாளி உள்ளே வந்து, தரைத்தளக் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப முடிகிற அளவுக்காவது இருக்கும் வீடு. சொந்தக்காரர்களோடு ‘வரப்போக’ இருக்கிறோம் அல்லவா, அதை வைத்து ‘வரப்போகத்தக்க வீடு’ என்று குறித்திருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான். சுருக்கமாக ஏதும் தட்டுப்பட்டால், மனு டைப்புக்குப் போகும் முன் சொல்லுங்கள்.