நந்தியாவட்டையில் நீலக் கண்கள்

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வாசலில் நிற்கும் அடுக்கு நந்தியாவட்டை என் மாமியார் வைத்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் கொல்லை முருங்கையும் மாமரமும் சாய்ந்தன. இந்தச் செடி வேரோடு நின்றது, ஆனால் ஒரு இலை மிஞ்சவில்லை. முறிந்த கிளைகளை அத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். மாசிக்குள் துளிர்த்துவிட்டது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆவணிக் காலையில் பூப்பறிக்கப் போனால் நுனிக் கிளைகள் மொட்டையாக நிற்கின்றன. தரையெல்லாம் மிளகு மிளகாகக் கரும்பச்சை எச்சம். தேடிப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு, வாலில் சின்னக் கொம்பு. குச்சியால் தொட்டேன். தலையை உள்ளிழுத்துக் கழுத்தை உப்பியது. இரண்டு நீலக் கண்கள் என்னையே முறைத்தன! உடம்பு சிலிர்த்துவிட்டது. அவை கண்களே அல்ல, பறவைகளை மிரட்டுவதற்கான பொட்டுகள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அரளியிலும் இதே புழு வரும். கிள்ளினால் பால் வடியும் ஒரே குடும்பத்துச் செடிகள்தானே இரண்டும்.

"மருந்து அடிச்சுடும்மா, செடியே போயிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நானும் மருந்தைக் கலக்கப் போனேன். அத்தை தடுத்தார். "புயலுக்கே போகாத செடி, புழுவுக்கா போயிடும்?"

விட்டுவிட்டோம். ஏழு புழுக்கள் இருந்தன. நன்றாகத் தின்று கொழுத்ததும் பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகின. ஒன்றை மட்டும் சருகோடு அகலமான டப்பாவில் வைத்து, வாயை வலையால் கட்டினேன். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, பாசிப் பச்சையும் வெளிர் ரோஜா நிறமும் கோலமாக இழைந்த அந்துப்பூச்சி ஒன்று வலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகை நான் அதுவரை கையருகே பார்த்ததில்லை. இருட்டியதும் திறந்துவிட்டேன். செடியும் ஐப்பசி மழைக்குள் பழையபடி அடர்ந்துவிட்டது.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு: அடுக்கு வகைக்கு விதையை எதிர்பார்க்க வேண்டாம், வெட்டிய குச்சியை ஊன்றித்தான் வளர்க்க வேண்டும். பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். வடியும் பாலைக் கழுவிவிட்டு மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். மழைக்காலம் இதற்கு நல்ல நேரம்.

கண் எரிச்சலுக்கு இந்தப் பூவை மூடிய இமைமேல் வைத்துக் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம், குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் சாற்றைக் கண்ணில் விடாதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் நல்லதில்லை. கிளை வெட்டும்போதும் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்.