தெருவிலிருந்து எடுத்து வந்த ராஜபாளையம் நாய் உறக்கத்தில் சீறுவது ஏன்?

கேள்வி (ஒத்தக்கடை):
வணக்கம். ஆறு வாரங்களுக்கு முன், யானைமலை அடிவாரத்தில் எலும்பும் தோலுமாகத் திரிந்த ஓர் ஆண் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உடல் முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. ராஜபாளையம் இனம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். தடுப்பூசி போட்டாயிற்று, உண்ணிகளும் போய்விட்டன. விழித்திருக்கும்போது மகளின் மடியில் தலைவைத்துக் கிடக்கும் இதே நாய், திண்ணையில் உறங்கும்போது யாராவது பின்னாலிருந்து தொட்டால் விருட்டென்று எழுந்து உறுமுகிறது. நேற்று என் மனைவியின் சேலையைக் கவ்விக் கிழித்துவிட்டது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டபோது தெரு நாய்களெல்லாம் ஓடி ஒளிய, இது மட்டும் அசையாமல் உறங்கியது. அவ்வளவு துணிச்சலான நாய். தெருவில் அடிபட்ட பயமா, இனத்தின் முரட்டுத்தனமா? எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள் உறவினர்கள். எங்களுக்கு மனம் வரவில்லை.

பதில் (திருமங்கலம்):
ஐயா, வேட்டுக்கு அசையாததைத் துணிச்சல் என்று கொள்ள வேண்டாம். முதலில் அதன் காதைச் சோதியுங்கள். உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடுகின்றன. அதனால்தான் டால்மேஷியன், ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. நாய் விழித்து வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, அதன் கண்ணில் படாத தொலைவில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். தரை அதிரக் கூடாது, காற்றும் அதன்மேல் படக் கூடாது. ஒரு காது மட்டும் கேட்காத நாய்களும் உண்டு என்பதால் பலமுறை செய்து பாருங்கள். காது கேட்காத நாய்க்கு, உறக்கத்தில் மேலே படும் கை எங்கிருந்தோ வந்து விழுந்த கைதான். உறுமலுக்காக அதை அடித்துவிடாதீர்கள். உறுமல் அது தரும் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும். தரையைத் தட்டி எழுப்பி, கண் திறந்ததும் ஏதாவது தின்னக் கொடுங்கள். கயிறில்லாமல் தெருவில் விடவே விடாதீர்கள். வண்டிச் சத்தம் அதற்குத் தெரியாது.

பதில் (மேலூர்):
சேலையோடு போயிற்றா, அம்மாவின் தோலில் பல் பட்டதா? சிறு கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டு வலி இருந்தாலும் தொட்டால் சீறும். அதையும் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பல் படவில்லை, இடுப்பிலும் குறையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூன்று நாளாகத் தட்டைத் தட்டிப் பார்க்கிறோம், ஒருமுறைகூட காது அசையவில்லை. இத்தனை நாள் பெயர் சொல்லி அதட்டியதை நினைத்து மகள் அழுதுவிட்டாள். கல் திண்ணையில் எவ்வளவு தட்டினாலும் அதிர்வு போய்ச் சேரவில்லை என்பதால், பழைய மரப்பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் படுக்க வைத்தோம். இப்போது பலகையின் ஓரத்தை இரண்டு முறை தட்டினால் முதலில் மூக்கு சுருங்குகிறது, பிறகு கண் திறக்கிறது, பிறகு வால் பலகையில் அடிக்கிறது.