புது பி-சீரிஸ் எஞ்சின் பிளொக் வந்திட்டுது, டிராக் ஓட்டத்துக்கு எப்பிடி ரெடி பண்றது?

உவர்மலை_ஈஜி:
அண்ணாமார், டொரன்டோவில இருக்கிற மச்சான் அனுப்பின ஆஃப்டர்மார்க்கெட் பிளொக் ஒருமாதிரி வந்து சேர்ந்திட்டுது. ஹொண்டா பி-சீரிஸ், அலுமினியம், உள்ளுக்க டக்டைல் அயன் ஸ்லீவ் (பிஸ்டன் ஓடுற இரும்புக் குழாய்). கிராங்க் பி18சி, 87.2 மி.மீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம்). போர் (சிலிண்டர் ஓட்டையின்ர விட்டம்) 84க்குப் போறன், 1933 சிசி வரும். 2618 அலுமினியக் கலவையில அடிச்ச ஃபோர்ஜ்ட் பிஸ்டனும் டர்போவும் கையில இருக்கு. கார் ஈஜி சிவிக். கட்டுகுருந்தை டிராக்கில கால் மைல் ஓடோணும், மற்ற நாளில நிலாவெளி ரோட்டால வேலைக்கும் போகோணும்.

டவுனில ஒரு லேத் கடையில காட்டினன். "புதுப் பிளொக் தானே தம்பி, 84க்குப் போர் அடிச்சு வைக்கிறன், பின்னேரம் வந்து எடும்" எண்டார். அந்த வேகம் எனக்குச் சரியாப் படேல்ல. கூட்டாளி ஒருத்தன் வேற, தண்ணிப் பாதைக்குள்ள சீமெந்து மாதிரி ஒரு சாமான் ஊத்தினா ஸ்லீவ் அசையாது எண்டுறான். ஊத்தவோ?

உப்புவெளி_ஹோன்:
அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை தம்பி. அவர் லேலண்ட் பஸ்ஸையும் வள்ளத்து எஞ்சினையும் நினைச்சுச் சொல்லுறார், அதுக்கு அந்த வேலை காணும். உம்மட பிளொக் அப்பிடி இல்லை. போரைச் சின்னனா விட்டுத்தான் அனுப்புவாங்கள், உம்மட பிஸ்டனுக்குப் பார்த்து நீர் வெட்டோணும் எண்டு.

முதல்ல மெயின் கெப்பை (கிராங்கைப் பிடிச்சிருக்கிற மூடி) ஓடர்ப்படி டோர்க் பண்ணி, பேரிங் போடாமல் போர் கேஜால அளவும். அஞ்சு மெயினும் ஒரே கோட்டில இல்லாட்டி லைன் ஹோன், அஞ்சையும் சேர்த்துக் கல்லால தேய்ச்சு நேராக்கிறது. டெக்கும் (ஹெட் உக்காருற மேல்முகம்) போரும் அந்தக் கோட்டை வச்சுத்தான் வெட்டுறது, அதால இதை முந்திப் பார்க்கோணும். டெக்கை நல்லா மழமழப்பா எடுக்கச் சொல்லும். எம்எல்எஸ் (பல தகடு அடுக்கின) கேஸ்கட் 50 ஆர்ஏ (சொரசொரப்பு அளவு, மைக்ரோ இஞ்சில) இல்லாட்டி அதுக்குக் கீழதான் கேக்கும்.

போரை 84க்கே அடிச்சு நிப்பாட்ட விடாதையும். வெட்டுற டூல் சுவரைக் கிழிச்சு விட்டுத்தான் போகும். 0.08 மி.மீ அளவில மிச்சம் விட்டு, அதை ஹோனில எடுக்கோணும், அதுவும் டோர்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலா இறுக்கிற தடிச்ச தகடு) பூட்டி. ஹெட்டை இறுக்கேக்க ஸ்லீவின்ர மேல்பக்கம் உருண்டையா நிக்காது, இழுபட்டுப் போகும். அந்த இழுபட்ட நிலையிலதான் உருண்டையாக்கோணும். நீர் போடப்போற அதே ஸ்டட், அதே கேஸ்கட், அதே டோர்க். பிறகு பிளேட்டைக் கழட்டி அளந்து போர் கோணலா இருக்கு எண்டு வந்து நிக்காதையும், அது அப்பிடித்தான் காட்டும்.

இனி எங்கட ஊர் விசயம். அளவு எல்லாம் 20 பாகைக்குத்தான் சொல்லுறது. மத்தியானம் என்ர பட்டறைக்குள்ள 34 நிக்கும். அந்தச் சூட்டில 84 மி.மீ அலுமினியப் பிஸ்டன் 0.027 பெருக்கும், அயன் 0.013 அளவில. 2618 பிஸ்டனுக்கு டர்போவோட 0.09, 0.10 கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி) கேக்கிற இடத்தில 0.014 பிழைச்சா விளையாட்டில்லை. பிளொக், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூண்டையும் ஒரு ராத்திரி ஏசி ரூமில வச்சிட்டு விடிய அளவும். வீட்டில ஏசி படுக்கிற அறையிலதான் எண்டா மனுசியிட்டக் கேட்டு வையும். முடிவான கிளியரன்ஸ் பிஸ்டன் பெட்டிக்குள்ள வாற பேப்பரில இருக்கும். அதுதான் சட்டம், நான் சொல்லுறதில்லை.

சீமெந்துச் சாமான்: டிராக் மட்டும் ஓடுற காருக்குச் சரி. அதையும் லைன் ஹோனுக்கு முன்னமே ஊத்தோணும், காயேக்க பிளொக்கை இழுக்கும். நீர் அநுராதபுரச் சந்தி நெரிசலுக்குள்ள அந்தக் காரோட நிக்கப்போறீர். ஒயில் சூடு ஏறிக்கொண்டே போகும். வேண்டாம்.

கிண்ணியா_பூஸ்ட்:
நானா சொன்னதோட இதையும் சேருங்க. ஹோன் முடிஞ்ச ஸ்லீவைக் கடக்காத்தில வெறுமனே விடாதீங்க. நம்மட பக்கம் தண்ணி காயிறதுக்குள்ள செம்மஞ்சள் புடிச்சிரும். கழுவுறது மண்ணெண்ணெயில இல்ல, சுடுதண்ணியும் சவர்க்காரமும். மண்ணெண்ணெய் ஹோன் தூளைக் கீறுக்குள்ளயே விட்டுரும். ஒயில் கேலரி (பிளொக்குக்குள்ள ஒயில் ஓடுற துவாரம்) பிளக்கை எல்லாம் கழட்டி பிரஷ் விட்டு இழுங்க. காத்தடிச்ச உடனே ஏடிஎஃப் (ஓட்டோ கியர் ஒயில்) நனைச்ச வெள்ளைத் துணியால துடைங்க. துணியில கறுப்பு வந்துகொண்டிருந்தா வேலை இன்னும் முடியல்ல.

டொப் ரிங் கேப் (மேல் ரிங்கிட நுனி ரெண்டுக்கும் இடையில விடுற இடைவெளி) 84 போருக்கு டர்போவோட 0.5 மி.மீ கிட்ட வரும். இறுக்கமா வச்சா சூட்டில நுனி ரெண்டும் முட்டி பிஸ்டன் லேண்டை (ரிங்கைப் பிடிக்கிற விளிம்பை) உடைச்சிரும்.

உவர்மலை_ஈஜி:
நன்றி அண்ணா, நன்றி மச்சான். கடைக்காரரிட்ட திரும்பப் போய் விளக்கினன். அவரிட்டப் போர் கேஜ் இல்லை, ஆனா 50 மி.மீ இரும்புத் தகட்டில டோர்க் பிளேட் வெட்டித் தாறன் எண்டுறார். ஹோனைக் கொழும்பில செய்விக்கிறன். பிளேட்டில ஓட்டை எவ்வளவு வைக்கச் சொல்ல?

உப்புவெளி_ஹோன்:
கேஸ்கட் ஓட்டைக்குச் சமனா வையும், 84க்குக் குறைஞ்சா ஹோன் கல்லு மேல வெளிய வராது. பத்து ஸ்டட் ஓட்டையையும் கேஸ்கட்டை வச்சே குறிக்கச் சொல்லும். ரெண்டு பக்கமும் சமதளமா கிரைண்ட் பண்ணாமல் கொழும்புக்கு அனுப்பாதையும்.