வான்கோழி நெஞ்சு வெந்துடுச்சு, தொடை வேகல, அவசரம்

முழு வான்கோழி ஓவன்ல இருக்கு, நெஞ்சுக்கறி 75 டிகிரி வந்துடுச்சு, தொடை மட்டும் 58லயே நிக்குது, ரெண்டு மணி நேரத்துல எல்லாரும் சாப்பிட வந்துடுவாங்க.

வெயிட் 6 கிலோ, ஃப்ரோசன். ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள்தான் வெச்சேன், ரெண்டு கிலோவுக்கு ஒரு நாள்னு மூணு நாள் விட்டிருக்கணும். காலைல உள்ள கைய விட்டப்போ ஐஸ் தட்டுப்பட்டுச்சு, சரி ஓவன் பாத்துக்கும்னு வெச்சுட்டேன், என் தப்புதான். ஸ்டஃபிங் இல்ல. ஃபேன் இல்லாத சாதா எலக்ட்ரிக் ஓவன், 165 டிகிரி, மூணு மணி நேரம் ஆச்சு. ஆழமான ட்ரே, அடியில ரேக் வெக்கல.

நெஞ்சு மேல ஃபாயில் போட்டு மூடினேன், தொடைப்பக்கம் ஓவனுக்குப் பின்னாடி போற மாதிரி ட்ரேய திருப்பி வெச்சேன், அரை மணி நேரத்துல 4 டிகிரிதான் ஏறுச்சு. தெர்மாமீட்டர் எலும்புல படுதோன்னு மூணு இடத்துல குத்திப் பாத்துட்டேன், அதே கதைதான். சூட்ட ஏத்தலாம்னா தோல் ஏற்கெனவே நல்லா செவந்து போச்சு, கருகிடும்.

தொடை 74 தொடாம யார் தட்டுலயும் வெக்க மாட்டேன். முழுசா மேசைக்கு வரணும்ங்கற ஆசைய கூட விட்டுட்டேன். இப்பவே தொடைய வெட்டி தனி ட்ரேல வேக வெக்கட்டுமா, இல்ல முழுசாவே விடட்டுமா?