கூட்டாக எழுதும் கதைக்கு விதிமுறை வகுக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் உள்ள நண்பர்கள் சிலர் சேர்ந்து, முன்கூட்டித் திட்டமிடாமல், ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் ஒரு பத்தி எழுதிச் சேர்க்கும் கதையொன்றை வாட்ஸ்அப்பில் வளர்த்து வருகிறோம். முன்னவர் எழுதியதை மறுக்காமல் ஏற்று மேலே கொண்டுபோக வேண்டும் என்பது ஒத்திகையின்றி மேடையேறும் நடிகர்கள் கைக்கொள்ளும் வழக்கம். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. கதை நடப்பது 1899-இல், மலை ரயில் குன்னூரை எட்டிய ஆண்டில். மேட்டுப்பாளையத்தில் ஏறிய தபால்காரரை ஓர் உறுப்பினர் நேராக உதகையில் இறக்கிவிட்டார். பாதை உதகை வரை நீண்டதோ 1908-இல்தான். அழிக்கச் சொன்னால் விதி மீறப்படுகிறது, விட்டுவைத்தால் வரலாறு இடிக்கிறது. (தபால்காரர் வண்டியிலேயே ஒன்பது ஆண்டுகள் தூங்கிவிட்டதாக ஒருவர் சமாளித்தார். ரசித்தோம், ஆனால் ஒவ்வொரு முறையும் அது எடுபடாது.)

மழைக்காலத்தில் சிக்னல் விட்டு விட்டு வருவதால், ஒரே பத்திக்கு இருவர் தொடர்ச்சி அனுப்பிவிடுவதும் உண்டு. ஒன்றில் தபால் பை பள்ளத்தில் விழுகிறது. மற்றொன்றில் அதே பையிலிருந்து அவர் ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கிறார்.

இத்தகைய கதைகளை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். தகவல் பிழைகளைத் திருத்தும் உரிமையை ஒருவரிடம் ஒப்படைப்பதா, கூடிப் பேசி முடிவெடுப்பதா? முறை வைத்து எழுதுவதா, "அடுத்த பத்தி என்னுடையது" என்று அறிவித்துவிட்டு எழுதுவதா? முறை வைத்தால் ஒருவர் தாமதித்தாலே கதை நின்றுவிடும் என்பதால், என் விருப்பம் இரண்டாவதே. பாத்திரங்களின் பெயர், ஊர், காலம் ஆகியவற்றைக் குறித்துவைக்க கூகுள் டாக்ஸ் போதுமா, தமிழில் எளிதாகக் கையாளத்தக்க வேறு செயலி உண்டா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.