நாலு நண்பர்கள், ஒரே போக்கர் டோர்னமென்ட்: வீட்டு ஆட்டக்காரர்கள் எங்கே மாட்டுவார்கள்?

கேள்வி: அரை_ஸ்டாக்

வீட்டில் நோ-லிமிட் ஹோல்டெம் (எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் வைக்கும் போக்கர் வகை) ஆடிப் பழகிய நாலு பேர், முதல்முறையாகப் பெரிய லைவ் டோர்னமென்டில் உட்காரப் போகிறோம். ஸ்ட்ரக்சர் ஷீட் இது: ஆரம்ப ஸ்டாக் (கையில் தரும் சிப்ஸ்) 30,000. பிளைண்ட் (சீட்டுக்கு முன்பே இரண்டு பேர் போடும் கட்டாயத் தொகை; சின்னது ஸ்மால், பெரியது பிக்) 100/200, பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்ட் போடுபவரே மேசைக்காகக் கூடுதலாகப் போடுவது) 200. லெவலுக்கு (பிளைண்ட் ஏறும் ஒவ்வொரு கட்டத்துக்கும்) 40 நிமிடம், மேசைக்கு 9 பேர். ஆறாவது லெவல் முடியும்வரை லேட் ரெஜிஸ்ட்ரேஷன் (தாமதமாகவும் சேரலாம்), ஆளுக்கு ஒரு ரீ-என்ட்ரி (அவுட் ஆனால் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம்).

எந்த ஹேண்டை (கைச்சீட்டை) எங்கிருந்து ஆடுவது என்ற சார்ட் எங்கும் கிடைக்கிறது, அது வேண்டாம். வீட்டுப் பழக்கங்களில் எது அங்கே சிப்ஸைத் தின்னும்? பரிசில் நமக்குள் பங்கு மாற்றிக்கொள்ளும் ஸ்வாப்பை எப்படி எழுதி வைப்பது? இரண்டு பேர் ஒரே மேசையில் விழுந்தால் என்ன செய்யலாம், எது கூடாது?

பதில் 1: மக்_பைல்

வீட்டில் ஆடுபவர்கள் மாட்டுவது சீட்டில் இல்லை, சிப்ஸ் போடும் விதத்தில்தான். பெரும்பாலான பெரிய போட்டிகள் டோர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் விதிகளையோ அவற்றை ஒட்டிய விதிகளையோ பின்பற்றுகின்றன. ஆடும் இடத்தின் விதித்தாளை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

வாய் திறக்காமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கால்தான் (எதிராளி போட்ட தொகைக்கு ஈடாகப் போடுவது). எதிராளி 600க்கு ரெய்ஸ் செய்திருக்கிறார் (தொகையை 600 ஆகக் கூட்டியிருக்கிறார்), நீங்கள் ஒரு 1,000 சிப்பை வீசுகிறீர்கள்: 400 திரும்பி வரும், நீங்கள் கால் செய்ததாகக் கணக்கு. அதே 600க்கு இரண்டு 500 சிப் போட்டாலும் கால்தான். ஒரு சிப்பை எடுத்துவிட்டால் மீதி 500, அது கால் தொகைக்கே போதாது, அதனால் இரண்டும் காலுக்குத் தேவைப்பட்ட சிப்ஸ் என்று கொள்வார்கள். ரெய்ஸ் வேண்டுமென்றால் கை நகரும் முன் வாய் நகரட்டும்: "ரெய்ஸ், ஆயிரத்து ஐந்நூறு." அவ்வளவுதான். "உன் அறுநூறு... அதுக்கு மேல ஒரு ஆயிரம்" என்கிற பாணி வீட்டோடு சரி. முதலில் சொன்னது கால் என்று எடுத்துக்கொண்டு மேலே போட்டதைத் திருப்பித் தள்ளிவிடுவார்கள்.

குறைந்தபட்ச ரெய்ஸும் இதே வகை. பிளைண்ட் 200, ஒருவர் 600 ஆக்கினார், அதாவது 400 கூட்டினார். அடுத்த ரெய்ஸ் 1,000க்குக் குறையக்கூடாது. நீங்கள் பேசாமல் ஒரு 500உம் நாலு 100உம் போட்டு 900 ஆக்கினால், கூட்ட வேண்டிய 400இல் பாதிக்கு மேல் வந்துவிட்டது. 1,000 வரை நிரப்பச் சொல்வார்கள். 700 போட்டால் பாதிகூட வரவில்லை, 100ஐத் திருப்பித் தந்து கால் என்பார்கள்.

அடுத்தது ஷார்ட் ஆல்-இன், அதாவது ஒருவர் மீதி சிப்ஸ் எல்லாவற்றையும் போட்டும் அது முழு ரெய்ஸுக்குப் போதாத நிலை. நீங்கள் 600க்கு ரெய்ஸ் செய்தீர்கள், ஒருவர் 800க்கு ஆல்-இன், மற்றவர்கள் ஃபோல்ட் (சீட்டைக் கைவிடுவது) அல்லது கால். அந்த 200 முழு ரெய்ஸ் இல்லை. அதனால் உங்கள் முறை வரும்போது கால் அல்லது ஃபோல்ட் மட்டும்தான், மறுபடி ரெய்ஸ் செய்ய முடியாது. வீட்டில் இதை யாரும் கவனிப்பதே இல்லை.

டீலருக்கு இரு பக்கமும் இருக்கும் 1ஆம், 9ஆம் இடங்களில் உட்கார்ந்தால் சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள். காப்பில்லாத சீட்டை டீலர் தவறுதலாக வாரிக்கொண்டால் ஹேண்ட் செத்தது. ஏஸ் ஜோடி என்று கத்தினாலும் திரும்ப வராது. ஷோடவுனில் (கடைசியில் சீட்டைத் திறக்கும்போது) பாட் (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) உங்கள் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டை விடாதீர்கள். எதிராளி வாயால் "ஃப்ளஷ்" என்று சொன்னதை நம்பி மக் செய்வது (சீட்டைக் காட்டாமல் தள்ளிவிடுவது) வீண் நஷ்டம். மேசையில் திறந்து கிடக்கும் சீட்டுதான் பேசும்.

ஆரம்பச் சீட்டுகளைப் பங்கிடும்போது கடைசிச் சீட்டு விழும் நேரத்தில் நீங்கள் உங்கள் இடத்தில் இல்லையென்றால் ஹேண்ட் கிடையாது, பிளைண்டும் ஆன்ட்டியும் மட்டும் போகும். நண்பன் மேசையை எட்டிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதுதான் அடிக்கடி நடக்கும்.

பெரிய சிப்ஸை முன்னால் தெரியும்படி வையுங்கள், பின்னால் ஒளித்தால் ஃப்ளோர் (மேற்பார்வையாளர்) வந்து சொல்வார். நாள் முடிந்து பையில் போடும்போது எண்ணி, பெயரும் தொகையும் எழுதி, ஒட்டும் முன் இன்னொரு முறை எண்ணுங்கள்.

பதில் 2: பங்குக்_கணக்கு

ஸ்வாப்பில் சண்டை வருவது சதவீதத்தால் இல்லை, "எதில் சதவீதம்" என்று முடிவு செய்யாததால்.

நாலு பேர், ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் 5% கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். கையில் 85%, மற்ற மூவரிடமும் 5% வீதம். இப்போது பை-இன் (நுழைவுக் கட்டணம்) 100 என்றால், ஒருவர் ரீ-என்ட்ரியும் எடுத்து 180 பரிசு வாங்குகிறார். மொத்தப் பரிசில் 5% என்றால் ஆளுக்கு 9 தரவேண்டும். லாபத்தில் 5% என்றால் தர எதுவுமில்லை, அவரே 20 நஷ்டத்தில் இருக்கிறார். பரிசு 1,000 என்றால் முதல் முறையில் 50, இரண்டாவதில் 40. மொத்தப் பரிசில் கணக்கிட்டால் தகராறு குறைவு. ஆனால் ரீ-என்ட்ரி எடுக்கிறவர் தன் இரண்டாவது டிக்கெட்டுக்கும் பங்கு தருகிறாரா என்பதைத் தனியாக எழுதியே ஆகவேண்டும். "முதல் என்ட்ரிக்கு மட்டும்" என்றால் அப்படியே எழுதுங்கள்.

எழுத வேண்டியது ஐந்து விஷயம்தான்: எந்தப் போட்டி, எத்தனை சதவீதம், மொத்தமா லாபமா, ரீ-என்ட்ரிக்கும் உண்டா, வரிக்கு முன்னா பின்னா. முதல் சீட்டு விழும் முன் குழு மெசேஜில் போட்டு நாலு பேரும் "சரி" என்று பதில் போட்டுவிடுங்கள். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கவுன்டரில் ஒருவர் பெயரில்தான் வரும். அமெரிக்காவில் பெரிய பரிசு வென்ற வெளிநாட்டவருக்கு, வரி ஒப்பந்தத்தில் விலக்கு இல்லாவிட்டால், 30% பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முழுத் தொகைக்குப் பங்கு கொடுத்துவிட்டு வரியைத் தனியாகச் சுமக்கிறவர் அடுத்த முறை உங்களோடு வரமாட்டார்.

ஒரே மேசை விஷயம். இடம் குலுக்கலில் வருவது, மாற்றித் தரச் சொல்ல முடியாது. ஹேண்ட் நடக்கும்போது ஒருவர் ஹேண்டுக்கு ஒருவர் மூளைதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் சீட்டைச் சாய்த்துக் காட்டுவது, ஃபோல்ட் செய்த பின் "ஏழு இருந்தது மச்சி" என்பது, இரண்டுமே பெனால்டிக்கு உரியவை. இன்னொன்றும் நம்மவர்களுக்குத் தெரிவதில்லை: மேசைக்கென்று ஒரு மொழி உண்டு. அமெரிக்காவில் ஆங்கிலம், மற்ற நாடுகளில் ஆங்கிலமும் அந்த ஊர் மொழியும். ஹேண்ட் ஓடும்போது இரண்டு பேர் தமிழில் பேசினால், மழையைப் பற்றிப் பேசினாலும், டீலர் நிறுத்தச் சொல்வார். அவுட் ஆன நண்பர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்பதற்கும் இது பொருந்தும்.

பதில் 3: பத்து_பிபி

சார்ட் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் இந்த ஷீட்டின் வேகத்தை மட்டும் பாருங்கள். லைவில் மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட் (ஆட்டம்) ஓடும். 40 நிமிட லெவலில் ஏறக்குறைய இரண்டு சுற்று, அதாவது ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை பிளைண்ட் வரும். முதல் லெவலில் ஒரு சுற்றுக்கு 100 + 200 + 200 = 500. 150 பிபி (பிக் பிளைண்ட்) வைத்துக்கொண்டு அது ஒன்றுமில்லை. 1,000/2,000 வரும்போது சுற்றுக்கு 5,000. அப்போதும் 30,000 வைத்திருந்தால் 15 பிபி, சும்மா உட்கார்ந்தாலே ஆறு சுற்றில் காலி. நடுவில் பிளைண்ட் வேறு ஏறும்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்டில் 60,000 சிப்ஸ், லெவலுக்கு 2 மணி நேரம். அங்கே பொறுத்திருந்து ஆடுவது ஓர் உத்தி. உங்கள் ஷீட்டில் அதற்கு நேரமில்லை. லேட்டாகப் போகலாமா என்று யாராவது கேட்டால், ஆறாவது லெவல் 300/600 என்றால் உட்காரும்போதே 50 பிபிதான். புதியவர்கள் தவறு செய்யும் முதல் இரண்டு மணி நேரத்தையும் விட்டிருப்பீர்கள்.

12 பிபிக்குக் கீழே சின்ன ரெய்ஸ் போட்டு ஃபோல்ட் செய்யாதீர்கள், ஆல்-இன் அல்லது ஃபோல்ட். எதிர்ப்பக்கக் கணக்கு, அதே 1,000/2,000இல்: நீங்கள் பிக் பிளைண்ட், பட்டனில் (ஸ்மால் பிளைண்டுக்கு முந்தைய இடத்தில்) இருப்பவர் 20,000 ஆல்-இன், ஸ்மால் பிளைண்ட் ஃபோல்ட். பாட்டில் 20,000 + 2,000 + 1,000 + ஆன்ட்டி 2,000 = 25,000. நீங்கள் போட வேண்டியது 18,000. 18,000ஐ 43,000ஆல் வகுத்தால் 42%. சிப்ஸ் கணக்கில் அவ்வளவு வாய்ப்பு இருந்தால் கால். பப்பிளில் (பரிசு இடங்கள் தொடங்கச் சற்று முன்) இது செல்லாது. அங்கே தோற்றால் போவது சிப்ஸ் மட்டுமில்லை, வரப்போகும் பரிசும்தான், அதனால் 42% போதாது.

ஆனால் மின்-கேஷுக்காக (மிகக் குறைந்த பரிசுக்காக) மூச்சைப் பிடித்து உட்காராதீர்கள். 2024 மெயின் ஈவென்டில் 10,112 பேரில் 1,517 பேருக்குப் பணம். கடைசி இடத்துக்கு 15,000 டாலர், பை-இன் 10,000. பெரும்பணம் மேலேதான் குவிந்திருக்கிறது.

அரை_ஸ்டாக்

மூவருக்கும் நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். மூன்றாவது ஆள் ஆல்-இன், பாட்டில் நானும் என் நண்பனும். இரண்டு பேரும் செக் செக் (பந்தயம் போடாமல் முறையை விடுவது) என்று போய்விடலாமா? அவர் அவுட் ஆனால் எல்லோருக்கும் நல்லதுதானே.

பங்குக்_கணக்கு

பேசாமல், அவரவர் கணக்கில் செக் செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பப்பிளில் அது சாதாரணம். "செக் பண்ணிடலாம்" என்று வாயால் சொன்னாலோ கண்ணால் காட்டினாலோ அது கூட்டுச்சதி, ஸ்வாப் இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் மோசமாகப் பார்ப்பார்கள். ரிவரில் (கடைசிப் பொதுச்சீட்டு விழுந்த பின்) கடைசியாகப் பேசும் இடத்தில், யாராலும் அடிக்க முடியாத ஹேண்டை வைத்துக்கொண்டு நண்பனுக்காகச் செக் செய்தால் அதுவே சாஃப்ட் பிளே. சீட்டைத் திறந்ததும் மேசையே பார்க்கும், ஒரு சுற்று பெனால்டி என்றாலும் ஆச்சரியமில்லை. அந்த இடத்தில் பெட் போடுங்கள், ஸ்வாப்பில் உங்கள் 5% அப்படியேதான் இருக்கும்.