மறுமொழி: கலத்துக்குத் தானாக நிறம் வரும் வசதிக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

எக்செல் விரிதாளில் ஒரு கலத்தின் (cell) நிறம் தானாக மாறும் Conditional Formatting வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. "நிபந்தனை வடிவமைப்பு" ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, திருகோணமலையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு மீனவர் சங்கத்தின் எஞ்சின் கடன் கணக்கை எக்செல்லில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். நிரைக்கு (row) ஒரு அங்கத்தவர், கடைசி நிரலில் (column) நிலுவை. கணக்குப் பார்க்கும் தங்கச்சி, நிலுவை உள்ளவர்களின் பெயரைக் கையாலேயே சிவப்பாக்கி வைத்திருந்தா. மாதக் கூட்டத்தில் சிவப்பில் இருந்த பெயர்களை வாசித்தார்கள். ஒரு ஐயா எழும்பி, "நான் போன கிழமையே கட்டிப்போட்டன்" என்று மடியிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினார். திரையைப் பார்த்தால் நிலுவை 0 என்றுதான் இருந்தது. காசு வரவு வைத்தாயிற்று, பூசின சிவப்பு மட்டும் போகவில்லை. வயதான மனிசன், சபை நடுவில் கடன்காரனாக நின்றார். அவர் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அடுத்த நாளே போய், பூசிய நிறங்களை எல்லாம் துடைத்தோம். துடைக்காவிட்டால், பிறகு எழுதும் விதியின் நிறம் விலகும்போது அடியில் கிடக்கும் பழைய சிவப்பு திரும்பத் தெரியும். பிறகு, நிலுவை 0 ஐ விடக் கூடினால் நிரை முழுவதும் சிவப்பு என்று ஒரு விதி எழுதினோம். தங்கச்சி ஒரு கலத்தில் 0 அடித்தா. "அண்ணா, சிவப்புத் தானாப் போயிட்டுது!"

அந்தத் "தானா" என்பதுதான் இந்த வசதியின் உயிர். நிறத்தைப் போடுவது நாம் அல்ல, நாம் எழுதி வைத்த விதி. போட்ட நிறத்தை எடுப்பதும் அதுவே. நாம் ஆக்கும் சொல் இதைச் சொல்லவேண்டும்.

"நிபந்தனை" அதைச் சொல்கிறதா? பிணை நிபந்தனை, ஒப்பந்த நிபந்தனை என்று, ஒருவர் விதிக்க மற்றவர் கட்டுப்படுவதற்குத்தான் நம் வாயில் அது வருகிறது. வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னபோது, "கடன் நிபந்தனையா சேர்?" என்று கேட்டார்கள். எக்செல் 97இல் இந்த வசதி வந்தபோது நிபந்தனை 1, 2, 3 என்று மூன்றே பெட்டிகள் இருந்தன; அன்றைக்கு இந்தப் பெயர் பொருந்தியது. 2007இல் மூன்று என்ற வரம்பு போய், திரையிலேயே "விதிகள்" என்ற பேச்சு வந்துவிட்டது. கூடவே வந்த நிறச்சாய்வில் (Color Scale) நிபந்தனை என்று ஒன்று கிடையவே கிடையாது. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்வரை நிறம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு போகும். "வடிவமைப்பு" என்பதும் வீட்டுக்கும் உடுப்புக்கும் போய்விட்ட சொல். கலத்தின் தோற்றத்தை மாற்றுவதற்கு வடிவூட்டல்தான் சரி.

முதலில் "பெறுமானவழி வடிவூட்டல்" (பெறுமானம் என்றால் value) என்று எழுதியவன் நான்தான். மூதூர் நண்பர் அதை ஒரே உதாரணத்தில் சாய்த்துவிட்டார்: ஒன்றுவிட்டு ஒரு நிரைக்குச் சாம்பல் நிறம் கொடுக்கும் விதி, கலத்துக்குள் என்ன பெறுமானம் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை, நிரையின் எண்ணைத்தான் பார்க்கிறது. ஒத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் "பெறுமானம்" புதிது, அவர்களின் "மதிப்பு" எங்களுக்கு மரியாதை என்ற சிக்கலும் அதோடு தீர்ந்தது.

ஆகவே என் முன்மொழிவு: விதிவழி வடிவூட்டல். தமிழ்வழிக் கல்வி, தாய்வழி உறவு என்று "வழி" நமக்குப் பழகிய ஒட்டு. "இந்த நிரலை விதிவழி வடிவூட்டு" என்று ஏவலாகவும் வரும். கையால் பூசுவதை நேரடி வடிவூட்டல் என்றால் இரண்டும் சோடியாக நிற்கும். எங்கள் சங்கத்தில் நடந்த பிழையை அந்தச் சோடியை வைத்தே ஒரு வரியில் விளக்கலாம்.

விதி என்றால் தலையெழுத்து என்று தோன்றாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓமின் விதியும் நியூட்டனின் விதிகளும் படித்த பிள்ளைகளுக்குத் தோன்றாது. வீதி விதிகளை மனப்பாடம் செய்து சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கும் தோன்றாது.

"நிறச்சாய்வு" பற்றித்தான் எனக்கு இன்னும் தயக்கம். எங்கள் கணிதப் பாடத்தில் சாய்வுக்குப் "படித்திறன்" என்பார்கள், ஆனால் நிறப்படித்திறன் நாக்கில் நிற்கவில்லை. திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் வேறுபடும். வருகிற சனிக்கிழமை பிள்ளைகளை வெப்பமானியோடு கூட்டிப்போய் ஏழையும் அளந்து, மஞ்சளிலிருந்து சிவப்புவரை நிறம் கொடுக்கச் சொல்லப்போகிறேன். பெயர் எதையும் நான் முதலில் சொல்லமாட்டேன். அவர்கள் வாயில் என்ன வருகிறது என்று கேட்டு எழுதுகிறேன்.